இடி தாக்கியவருக்கு முதலில் தேவை மூச்சு
வாசகர் கேள்விகளுக்கு இதயநல மருத்துவர்களின் பதில்கள்

கேள்வி: வயலில் இடி தாக்கி விழுந்தவர் உடம்பில் ஒரு காயமும் இல்லை. ஆனால் மூச்சு நின்றுவிட்டது. காயமே இல்லாமல் உயிர் எப்படிப் போகிறது?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: மின்னல் உடம்பைத் தொடும் நேரம் மிகக் குறைவு, ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் சில பங்குதான். மின்சாரத்தின் பெரும்பகுதி தோலின் மேலேயே வழிந்து தரைக்குப் போய்விடும். அதனால்தான் ஆழமான தீக்காயம் அரிது. ஆனால் உள்ளே புகும் சிறு பகுதியே இதயத் தசை முழுவதையும் ஒரே கணத்தில் தூண்டிவிடுகிறது. எல்லாச் செல்களும் ஒன்றாகத் தூண்டப்பட்டதால், அடுத்த துடிப்புக்குத் தயாராக ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதயம் நிற்கிறது. வீட்டு மின்சாரம் அப்படியல்ல. திசை மாறி மாறிப் பாயும் அந்த 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரம் பெரும்பாலும் இதயத்தின் கீழறைகளைத் தாறுமாறாக நடுங்க வைத்தே கொல்லும்.

இங்கேதான் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தானாகவே துடிப்பை உண்டாக்கக் கூடியது. எனவே மின்னலால் நின்ற இதயம் பல நேரம் தானே திரும்பத் துடிக்கத் தொடங்கும். ஆனால் மூளையின் முகுளத்தில் உள்ள சுவாச மையம் விழித்துக்கொள்ள அதைவிட அதிக நேரம் ஆகும். இதயம் துடிக்கிறது, மூச்சு இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் இதயம் இரண்டாம் முறை நிற்கும். அதிலிருந்து மீட்பது கடினம். முதல் நிறுத்தம் மின்னலால் வந்தது, அதை யாரும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது, மூச்சு கொடுக்க ஆள் இல்லாததால் வருவது.

கேள்வி: தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திட்டக்குடி

பதில்: அடிக்காது. தாக்கப்பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை, உடனே தொடலாம். அறுந்த மின்கம்பி பக்கத்தில் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடி இன்னும் முழங்கினால், முடிந்தால் அவரைக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ கொண்டுபோங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுந்தும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். வேறு காரணங்களால் இதயம் திடீரென நிற்கும்போது, ஊதத் தயங்குபவர் அழுத்தினால் மட்டும் போதும் என்கிறோம். மின்னலில் ஊதுவதை விட்டுவிடாதீர்கள். பயிற்சி பெற்றவருக்கு நாடி தெரிந்து, மூச்சு மட்டும் இல்லையென்றால், பெரியவருக்கு 6 நொடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாடியைக் கழுத்தில் பாருங்கள். மின்னலுக்குப் பின் கை, கால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சில மணி நேரம் நீலமாக, சில்லென்று, நாடியில்லாமல் கிடக்கலாம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து ‘போய்விட்டார்’ என்று சொல்லிவிடக் கூடாது. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருப்பதும் இங்கே மரணத்தின் அடையாளம் அல்ல, மின்னலே அப்படிச் செய்யும்.

பலர் ஒன்றாக விழுந்தால் அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். விபத்துகளில் வழக்கமாகச் செய்வதற்கு இது நேர் எதிர். முனகுபவர், அலறுபவர் மூச்சு விடுகிறார், அவர் காத்திருக்கலாம்.

கேள்வி: தாக்கியும் எழுந்து நடந்தவருக்கு ஈ.சி.ஜி. தேவையா?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: தேவை, அன்றைக்கே. ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மீள்வதைக் காட்டும் டி அலை தலைகீழாவது, துடிப்பின் தொடக்கத்திலிருந்து அந்த மீட்சி முடியும் வரையான கியூ.டி. இடைவெளி நீள்வது போன்ற மாற்றங்கள் முதல் ஈ.சி.ஜி.யில் தெரியாமல் மறுநாள் தெரியவும் செய்யலாம். நெஞ்சுவலி, மயக்கம், மாறுபட்ட ஈ.சி.ஜி. இருந்தால் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் இதயத்தின் எக்கோ ஸ்கேனும் எடுத்து, மானிட்டரில் வைத்துப் பார்ப்பது அவசியம். பெரும்பாலான மாற்றங்கள் வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும்.

மின்னல் தாக்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமல் ஈ.சி.ஜி. மாரடைப்பு மாதிரி காட்டும். அதை நம்பி இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால், விழுந்ததில் தலையில் அடிபட்டிருப்பவருக்கு மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

கேள்வி: சாணத்தில் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, பெண்ணாடம்

பதில்: சத்தீஸ்கர் பக்கம் இப்படிச் செய்திருக்கிறார்கள். இறங்குவதற்கு உடம்பில் மின்சாரமே இல்லை. ஈரச் சாணத்தின் எடை மார்பை விரிய விடாது. உள்ளே இருப்பவருக்கு மூச்சு கொடுக்கவும், மார்பை அழுத்தவும் யாராலும் முடியாது.