மனிஹிகிக்கு 3 நாள் போதுமா?

வணக்கம். ராரோடோங்காவில் தங்கும் ஒரு வாரத்துக்கு நடுவே 3 நாள் மனிஹிகி போய் முத்துப் பண்ணை பார்த்துவிட்டு, திரும்பிய மறுநாளே ஆக்லாந்து விமானம் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டும் தென் பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளைச் சேர்ந்தவைதான் என்றாலும் இடையில் சுமார் 1200 கி.மீ. கடல். மனிஹிகிக்கு விமானம் தினமும் கிடையாது. போகிற தேதியே மாறும். முதலில் விமான நிறுவனத்திடம் திரும்பும் தேதியை உறுதி செய்யுங்கள், ஆக்லாந்து டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள். நடுவில் சில நாள் இடைவெளி கட்டாயம் வேண்டும். நியூசிலாந்து வழியாகப் போவதால் அந்த விசாவையும் இப்போதே பாருங்கள்.

அங்கே டவுஹுனு, டுக்காவ் என்று இரண்டே ஊர். தங்கும் வீட்டை முன்பே பேசிவையுங்கள், நியூசிலாந்து டாலரை நோட்டாகவே கொண்டுபோங்கள். ஞாயிறு சர்ச்சுக்கான நாள், அன்று பண்ணை பார்க்கக் கேட்க வேண்டாம்.

ஆனால் போகாமல் விட்டுவிடாதீர்கள்! கருமுத்து தரும் கருஉதட்டுச் சிப்பியை லேசாகத் திறந்து, நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறையில், அதாவது ஓட்டை ஒட்டி உள்ளே இருக்கும் மெல்லிய சதையில், வெட்டிய துணுக்கையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள். அந்தத் துணுக்குதான் மணியைச் சுற்றி வளர்ந்து முத்துப்பூச்சைச் சுரக்கிறது. பிறகு அந்தச் சிப்பி ஒன்றரை, இரண்டு வருடம் காயலில் கயிற்றில் தொங்கும். சிப்பிக்கு மணி வைக்கிற நாளாகக் கேட்டுப் போனால், அந்தக் கைவேலையைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். முத்து வாங்க மட்டும்தான் என்றால் ராரோடோங்கா கடைகளே போதும்.

உங்கள் பயண மாதத்தையும் எழுதுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்.