எலுமிச்சை இலையில் கறுத்த முட்டைகள்

வணக்கம். எலுமிச்சைக் கொழுந்தில் இருந்த வண்ணத்துப்பூச்சி முட்டைகள் கறுத்து, அவற்றிலிருந்து தூசி போன்ற குளவிகள் வெளிவந்ததாகவும், மேக்ரோ லென்ஸில் படம் தெளிவாக விழவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முட்டை முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, வட்டத் துளையும் இருப்பதால், அது டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியாக (பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் நுண்குளவி) இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதன் உடல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் என்பதால், 1:1 உருப்பெருக்கத்தில் சென்சாரின் மீதும் அதே அரை மில்லிமீட்டராகத்தான் விழும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை; நான்கைந்து மடங்கு உருப்பெருக்கமும் மென்மையாகப் பரவிய ஃபிளாஷ் ஒளியும் தேவை. கறுத்த முட்டையுள்ள இலைத்துண்டைப் பஞ்சடைத்த கண்ணாடிக் குழாயில் இட்டு, குளவிகள் வெளிவந்ததும் சில நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அவற்றின் ஓட்டம் அடங்கும். சிவந்த கண்களும், இறக்கையில் வரிவரியாக அமைந்த நுண்மயிரும் படத்தில் தெரிந்தால் பேரினம்வரை துணிந்து சொல்லலாம். சிற்றினத்துக்கோ, பூச்சியியலாளர்கள் நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971இல் வலியுறுத்தியபடி, ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆகவே சிலவற்றை ஆல்கஹாலில் இட்டு வையுங்கள்.