மகளுக்கு கேமரா வாங்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். என் பழைய ஆண்ட்ராய்டு போனில் எதையாவது படம் பிடித்துக்கொண்டே இருப்பாள். மூன்று வாரத்துக்கு முன்னால் என் அண்ணன் தென்னையில் கள் இறக்குவதை வீடியோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். "ஒரே மங்கல், மாமா மூஞ்சியே தெரியல, காத்துச் சத்தம்தான் கேக்குது" என்று அத்தை பிள்ளைகள் கேலி செய்துவிட்டார்கள். அன்று ராத்திரியே எல்லா வீடியோவையும் அழித்துவிட்டாள். இப்போது போனைத் தொடுவதே இல்லை. சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது. கேனன் 1500டி வாங்கிக் கொடு என்கிறான் என் தம்பி. பத்தாம் வகுப்பில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் இவள் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

பதில்: கடைக்குப் போவது இருக்கட்டும் அம்மா. இன்றைக்கே போனில் கூகுள் போட்டோஸைத் திறந்து, அழித்தவை சேரும் குப்பைப் பகுதியைப் பாருங்கள். பேக்கப் ஆகியிருந்த வீடியோ 60 நாள் வரை அங்கே இருக்கும். ஆகாதது 30 நாள்தான். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள். மீட்டு வைத்துவிட்டு அவளிடம் சொல்லுங்கள். மறுபடி பார்ப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

அந்தப் பிள்ளைகள் சொன்ன மூன்று குறையில் எதுவுமே அவள் திறமையில்லாததால் வந்ததில்லை. இதை அவளுக்குப் புரியவைப்பது 60,000 ரூபாய் கேமராவை விடப் பெரிய உதவி.

முதலில் மங்கல். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், தெளிவு போய்விடும். அதையே 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும். மீட்ட வீடியோவையும் குரூப்பில் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, முகம் கறுத்துப் போனது. மரத்தில் இருக்கிறவரைக் கீழிருந்து எடுத்தால் பின்னால் முழுக்க வானம். போன் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஆள் நிழலாகிவிடுவார். திரையில் மாமா முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் பூட்டுக் குறி வரும். பக்கத்திலுள்ள சூரியக் குறியை மேலே இழுத்தால் முகம் தெளியும், வானம் வெளுத்துப்போகும். வானமும் வேண்டுமென்றால் வெயில் தன் முதுகில் விழும்படி மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். கேமரா எவ்வளவு விலையென்றாலும் இந்த இரண்டையும் எடுப்பவர்தான் செய்தாக வேண்டும்.

மூன்றாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததில்லை, கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதே அதை நம்பித்தான். இதற்கு மட்டும் பொருள் வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே வயர் வைத்த காலர் மைக் கிடைக்கும். கூடவே அதன் தலையில் மாட்டும் முடி வைத்த உறையும் வாங்குங்கள். ஸ்பாஞ்சு உறை ஆடிக் காற்றுக்குத் தாங்காது. வாங்கும்போது மைக் வயரின் நுனியில், போனில் செருகும் பின்னைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. சிலவற்றில் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும், அதை வாங்கினால் நாளைக்கும் உதவும். போனில் இயர்போன் மாட்டும் உருண்டைத் துளை இல்லையென்றால் டைப்-சி மைக்காகவே கேளுங்கள். ஒரு சின்ன டிரைபாடும் சேர்த்தால் இப்போதைக்குப் போதும். கடையில் அவளே கேட்டு, அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

பெரிய கேமரா தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. கேரளத்தில் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் அரசு, எய்டட் உயர்நிலைப் பள்ளிகளுக்கு லென்ஸ் மாற்றும் டிஎஸ்எல்ஆர் கேமரா கொடுத்திருக்கிறார்கள். 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' என்ற பள்ளிக் கணினிக் குழுப் பிள்ளைகள்தான் பல பள்ளிகளில் விழாக்களை அதில் எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். உங்கள் மகள் அதில் இல்லையென்றாலும் பொறுப்பாசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பள்ளி விழாவில் ஒரு நாள் அந்தக் கேமராவைக் கையில் பிடித்தால் தனக்கு எது வேண்டும் என்பது அவளுக்கே பிடிபடும்.

உங்கள் தம்பி சொன்ன 1500டி புகைப்படம் கற்றுக்கொள்ள நல்லதுதான். ஆனால் அதில் வெளி மைக் மாட்டத் துளையே கிடையாது, திரையைத் திருப்பவும் முடியாது, 4கே என்ற மிகத் தெளிவான வீடியோவும் இல்லை. இவளுக்குப் பிடித்தது வீடியோ. காற்றுச் சத்தத்தால் மனம் ஒடிந்த பிள்ளைக்கு மைக் மாட்ட முடியாத கேமரா வேண்டாம். ஆறு மாதம் போனில் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் தேவையென்றால் மைக் துளை உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) பார்க்கலாம். அதுவரை பணம் வங்கியில் இருக்கட்டும்.

ஃபுல் ஏ பிளஸ் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. மார்க் குறைந்தால் படம் எடுக்கும் தகுதியும் போய்விட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மீட்ட வீடியோவை அவள் சம்மதித்தால், டிவியில் போட்டு அவரையும் உங்கள் அண்ணனையும் உட்காரவைத்துப் பாருங்கள். 'சூப்பர்' என்பதோடு விடாமல், "பாளை சீவுற கத்தியை மட்டும் அவ்வளவு நேரம் ஏன் காட்டினே?" என்பதுபோல ஒன்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்கும்.

கேள்வி: கோயம்புத்தூரில் வாங்கினால் வரி குறைவு என்று மகனுக்கு அங்கே கேமரா வாங்கினோம். பத்தாம் நாளே ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. கடைக்காரர் கையை விரிக்கிறார். கேரளத்தில் இருந்துகொண்டு நான் எங்கே புகார் கொடுப்பது?
- ஒரு தந்தை, வேலந்தாவளம்

பதில்: வரியில் வித்தியாசம் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இரு பக்கமும் ஒரே விகிதம். டிஜிட்டல் கேமராவுக்கு 2019-இலிருந்து 18 சதவீதம். கேரளத்தில் வெள்ள மேல்வரி 1 சதவீதம் கூடுதலாக இருந்தது உண்மை, அது 2021 ஜூலையோடு முடிந்தது.

புகாருக்கு நீங்கள் கோவை போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு அது பாலக்காடு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் இன்றே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கேமராவின் அடியிலுள்ள சீரியல் எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். ஒத்துப்போனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பழுது என்னவென்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.