கேக் பாப்பை மேசையில் எப்படி நிறுத்துவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேக்கை உதிர்த்து, கிரீம் சேர்த்துப் பிசைந்து உருட்டி, குச்சி செருகி, சாக்லேட்டில் முக்கி எடுப்பது வரை பலருக்கும் கை வந்துவிட்டது. செய்து முடித்த கேக் பாப்பை விருந்து மேசையில் எப்படி நிறுத்துவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்களிடம் ஸ்டாண்டு கிடையாது. ஒரு நாள் விருந்துக்காக வாங்கவும் மனமில்லை. 40 கேக் பாப் வைக்க வேண்டும். வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா?

தாராளமாக. முதலில் உங்கள் வடிதட்டை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். துளைகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன, உருண்டையான வடிவமும் இருக்கிறது. குச்சிகளைச் செருகினால் நாலா பக்கமும் விரிந்து பூப்பந்து மாதிரி நிற்கும். ஒரு குச்சியைச் செருகிப் பார்த்துவிட்டே இறங்குங்கள். சாதாரண கேக் பாப் குச்சி சுமார் 4 மி.மீ. தடிமன். துளை அதைவிடப் பெரிதாக இருந்து குச்சி ஆடினால், உள்ளே ஒரு தெர்மாகோல் துண்டை இறுக்கமாக வைத்துவிடுங்கள். குச்சி துளை வழியாகப் போய் அதில் குத்தி நின்றுகொள்ளும்.

இன்னொரு வழி, கண்ணாடி டம்ளர்களில் 7 செ.மீ. உயரத்துக்குச் சர்க்கரை நிரப்பி, ஒன்றுக்கு நான்கைந்து என்று குத்தி வைப்பது. உயரமும் குட்டையுமாகப் பத்து டம்ளர் சேர்ந்தால் 40-க்கும் இடம் கிடைத்துவிடும். மணல், கோலிக்குண்டு என்று சிலர் போடுகிறார்கள். எனக்குச் சர்க்கரைதான் பிடிக்கும். உருண்டை நழுவி விழுந்தாலும் தட்டிவிட்டுச் சாப்பிடலாம்.

கேள்வி: தகர டப்பாவுக்கு அழகாகத் தாள் ஒட்டி, 20 கேக் பாப்பைக் கொத்தாக வைத்தேன். பத்து நிமிடத்தில் சாய்ந்துவிட்டது. எங்கே தப்பு?

அலங்காரத்தில் தப்பில்லை, எடையில்தான். ஒரு உருண்டை 30 கிராம் என்று வையுங்கள். 20 உருண்டை என்றால் 600 கிராம். அத்தனை எடையும் டப்பாவுக்கு மேலே, குச்சி நுனியில் இருக்கிறது. அடியில் காலி டப்பா. லேசாகக் கை பட்டாலே போதும், கவிழ்ந்துவிடும். டப்பாவின் அடியில் கூழாங்கல்லைக் கொட்டி, அதன்மேல் தெர்மாகோலை வையுங்கள். மேலே இருக்கும் எடையைப் போல இரண்டு மடங்காவது கீழே இருக்கட்டும்.

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு பிறந்தநாளுக்குத் தெர்மாகோல் கூம்பு முழுவதும் கேக் பாப் குத்தி மரம் மாதிரி செய்து, சுவரை ஒட்டிய மேசையில் வைத்தேன். குழந்தைகளுக்கு முன்பக்கம் மட்டும்தான் கைக்கு எட்டியது. முன்பக்கம் காலியாகக் காலியாகப் பின்பக்கத்து எடை இழுக்க, முழுக் கூம்பும் சுவரில் போய் மோதியது. மிச்சமிருந்த அத்தனையும் சாக்லேட் ஓடு உடைந்து உதிர்ந்துபோயின. பிறந்தநாள் கொண்டாடிய குழந்தையின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த அலங்காரத்தைத் திட்டமிட்டாலும், பாதியை எடுத்த பிறகும் இது நிற்குமா, பாதி காலியான பிறகும் பார்க்க நன்றாக இருக்குமா என்று யோசித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். கூம்பு வைப்பதென்றால் மேசைக்கு நடுவில் வையுங்கள், சுற்றி வந்து எடுக்கிற மாதிரி. அடியை ஒரு கனமான பலகையில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: தெர்மாகோலில் குத்தலாமா? பூச்செண்டு செய்யும் பச்சை நுரைக்கட்டி இருக்கிறதே, அது?

தெர்மாகோல் சரி. புதியதாக இருக்கட்டும், மேலே ஃபாயில் அல்லது தாள் சுற்றிவிடுங்கள். துளைகளை முதல் நாளே ஒரு கம்பியால் போட்டு, உதிரும் மணிகளைத் துடைத்துவிட்டால் குச்சியில் ஒட்டாது. துளைக்குத் துளை 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதற்குக் குறைந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று உரசும்.

பச்சை நுரைக்கட்டி வேண்டாம். தொட்டாலே மாவாக உதிரும். உணவுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் இல்லை அது.

கேள்வி: என் உருண்டைகள் குச்சியிலிருந்து மெல்ல வழுக்கிக் கீழே இறங்குகின்றன. நிற்கவைக்கவே பயமாக இருக்கிறது.

அப்படியானால் தலைகீழாக வையுங்கள்! புதிதாகச் செய்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி எடுத்து, மிச்சத்தைத் தட்டி வடித்துவிட்டு, பட்டர் பேப்பர் மேல் தலை கீழாகவும் குச்சி மேலாகவும் வைத்துவிடுங்கள். காயும்போது அடியில் தானாகவே ஒரு தட்டையான பரப்பு வந்துவிடும். சாக்லேட்டைச் சரியாக வடிக்காவிட்டால் அதைச் சுற்றிக் குளம் கட்டிப் பாதம் மாதிரி காய்ந்துவிடும், அது மட்டும் கவனம். பட்டர் பேப்பருக்குப் பதில் ஸ்பிரிங்கிள்ஸ் என்கிற வண்ணச் சர்க்கரைத் தூவல் பரப்பிய தட்டில் வைத்தால் அடிப்பக்கம் மட்டும் வண்ணம் ஒட்டிக்கொள்ளும், பாதம் வந்தாலும் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றையும் சின்னக் காகிதக் கப்பில் வைத்து, மூன்றடுக்குத் தட்டில் வரிசையாக அடுக்குங்கள். குச்சிகள் எல்லாம் மெழுகுவத்தி மாதிரி மேலே நிற்கும். குச்சியில் ரிப்பன் கட்டலாம், விருந்தாளியின் பெயரெழுதிய சின்ன அட்டை ஒட்டலாம். சாயாது, வழுக்காது, பத்துப் பேர் எடுத்தபின் மீதியை நகர்த்தி நெருக்கி வைத்துவிட்டால் எடுத்த தடமே தெரியாது.

வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கிரீம் அதிகமாகி உருண்டை குழைந்துபோவதுதான். அடுத்த முறை கிரீமைக் குறையுங்கள். குச்சி நுனியை உருகிய சாக்லேட்டில் தொட்டு, உருண்டையின் பாதி ஆழத்துக்குச் செருகி, குளிரவைத்தபின் முக்குங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குத் தோட்டம் மாதிரி செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது மேடம்?

அழகான எண்ணம். நீளமான பூந்தொட்டி ஒன்று எடுங்கள். அடியில் கல், அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் பட்டர் பேப்பர், எல்லாவற்றுக்கும் மேல் பொடித்த சாக்லேட் பிஸ்கட். ஈரமண் மாதிரியே இருக்கும். ஒரே உயரத்தில் குத்தினால் தோட்டமாகத் தெரியாது. குச்சிகளைப் பின்வரிசைக்கு 20 செ.மீ., நடுவில் 15, முன்னால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றை மட்டும் பாதி மண்ணுக்குள் புதைத்தாற்போல் தாழ்வாகக் குத்துங்கள், இப்போதுதான் முளைக்கிற மொட்டு மாதிரி. குழந்தைகள் முதலில் கை வைப்பது அதில்தான், பாருங்கள். குச்சிக்குப் பச்சைத் தாளில் இலை வெட்டி ஒட்டலாம்.

நிஜப் பூ வைப்பதாக இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். அரளி போன்ற நச்சுப் பூக்கள் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது. மருந்து தெளித்த பூவும் வேண்டாம்.

கேள்வி: விருந்து திறந்தவெளியில். உருகிவிடுமா?

நிழலும் இருந்து, சூடும் அதிகமில்லை என்றால் பயப்பட வேண்டாம். சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே சாக்லேட் இளகிக் கையில் ஒட்டும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டு சாக்லேட் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

வெயிலைவிட வியர்வைதான் பலருக்குக் காலை வாரிவிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஸ்டாண்டில் குத்தினால், காற்றிலுள்ள ஈரம் உருண்டைமேல் துளித் துளியாகப் படிந்து பளபளப்பு போய்விடும், ஸ்பிரிங்கிள்ஸின் சாயமும் வழியும். எடுத்த டப்பாவை மூடியபடியே வெளியில் வைத்து, குளிர் இறங்கிய பிறகு திறங்கள். ஈரம் டப்பாவின் வெளிப்புறத்தில் படிந்துவிடும். கிரீம் சீஸ் சேர்த்துப் பிசைந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். எறும்புக்கு, ஸ்டாண்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தர்பூசணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து அதில் குத்தலாமா?

குத்தலாம், பார்க்கவும் குளுமையாக இருக்கும். ஆனால் காகிதக் குச்சி சாற்றை உறிஞ்சி ஊறிச் சாய்ந்துவிடும். மரக்குச்சி போடுங்கள். விருந்து தொடங்குவதற்குச் சற்று முன்பு குத்தினால் போதும்.

கேள்வி: இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளும் வருகிறார்கள். குச்சி ஆபத்தில்லையா?

ஆபத்துதான். குச்சியை வாயில் வைத்துக்கொண்டே ஓடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாக வையுங்கள். குச்சி எடுத்து, நான்காக வெட்டி, கப்பில் போட்டுக் கொடுங்கள். பாதாம், முந்திரி, வேர்க்கடலை சேர்த்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். இது எல்லா வயதினருக்கும்தான்.

கேள்வி: 60 செய்கிறேன். அத்தனையையும் ஒரே நேரத்தில் வைத்துவிடவா?

வேண்டாம். 40 வையுங்கள், 20 உள்ளே டப்பாவில் இருக்கட்டும். இடைவெளி விழ விழ நிரப்பிக்கொண்டே வாருங்கள், எந்தப் பக்கம் அதிகம் குறைகிறதோ அந்தப் பக்கம் முதலில். கையிருப்பு தீர்ந்து ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு மட்டும் மிஞ்சியதும் ஸ்டாண்டையே எடுத்துவிடுங்கள். சர்க்கரை போட்ட இரண்டு டம்ளரைத் தயாராக வைத்திருந்து, மிச்சத்தை அதற்கு மாற்றி மேசை நடுவில் வையுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு அது நிறைந்த கொத்தாகத்தான் தெரியும்.