செடி, பூக்கள் வரையக் கற்றுக்கொள்ள எதில் தொடங்கலாம்: பென்சிலா, வாட்டர் கலரா, பேஸ்டலா?

பென்சில்தான். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் கூடுதலாகச் சொல்வது ஒன்று: மீடியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், செடியை மாற்றாதீர்கள். இன்று பென்சிலில் ரோஜா, நாளை அக்ரிலிக்கில் தாமரை என்று போனால், படம் சரியாக வராதபோது சிக்கல் பூவிலா பெயின்டிலா என்றே புரியாது.

எந்தச் செடி? என் ஓட்டு எருக்குக்குத்தான். சென்னையில் காலி மனை, தண்டவாள ஓரம் என்று எங்கும் கிடக்கிறது. பலரும் செம்பருத்தியில் ஆரம்பிப்பார்கள். நல்ல பூதான், ஆனால் ஆபீஸ் முடிந்து வந்து உட்காருவதற்குள் சுருண்டிருக்கும். எருக்கம்பூ மெழுகில் செய்தது மாதிரி கெட்டியாக நிற்கும். ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்னக் கிரீடம். இலைகள் ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக. அதனால் ஒரு இலை பக்கவாட்டில் முழுசாகத் தெரியும்போது, இன்னொன்று நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு குட்டையாகத் தெரியும். அந்தக் குட்டை இலையை, மனசுக்குத் தெரிந்த நீளத்தில் இழுக்காமல் கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே வரையப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, எருக்கின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பறித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

பென்சிலுக்கு அப்புறம் கலருக்குத் தாவாமல் பேனாவுக்கு வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இதே மதராஸில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ருங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். வைட் 1838 முதல் 1853 வரை இங்கிருந்து வெளியிட்ட 'ஐகோனெஸ்' என்ற செடிப் படத் தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள், அச்சில் வண்ணமே இல்லை. ஆனாலும் இலை நரம்பையும் விதையை வெட்டினால் உள்ளே தெரிகிற அமைப்பையும் வைத்துச் செடியை அடையாளம் கண்டுவிடலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலைந்தை அப்படியே பார்த்து வரையுங்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து நின்றுபோகிறது என்று கவனித்தாலே போதும். பின்னால் கலர் அடிப்பதாக இருந்தால் பேனா மை வாட்டர்ப்ரூஃபா என்று பார்த்து வாங்குங்கள்.

வாட்டர் கலரில்தான் பொறுமை தேவை. வெள்ளை எருக்குக்கு வெள்ளை பெயின்ட் கிடையாது, பேப்பர்தான் வெள்ளை. பூவை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கிற இலையின் பச்சையை அடித்தால் பூ தானாக வெளியே வரும். மல்லிக்கும் இதேதான். டப்பாவில் வருகிற ரெடிமேட் பச்சை பிளாஸ்டிக் இலை மாதிரித்தான் இருக்கும். லெமன் எல்லோவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து, துளி சிவப்பு சேர்த்துப் பாருங்கள், உயிர் வரும். அப்புறம் நம்ம ஊர் வெயில் இருக்கிறதே, மே மாதத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் கலர் ஓரத்தைக் கரைப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். மழைக்காலத்திலோ முதல் பூச்சே காயாது. அதன்மேல் அடுத்ததைப் போட்டால் சேறுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கலர் பென்சில் ரொம்ப வசதி. தண்ணீர் வேண்டாம், பாதியில் மூடிவைக்கலாம். எருக்கிலையின் மேல் படிந்த சாம்பல் பூச்சுக்கு, பச்சையின்மேல் லேசாக வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் அச்சு அசலாக வரும். ஆயில் பேஸ்டல் தனிப்பூவுக்குச் சரிப்படாது, அதில் நுணுக்கம் நிற்காது. சித்திரையில் பூத்துக் குலுங்குகிற சரக்கொன்றையைத் தூரத்திலிருந்து மஞ்சள் கூட்டமாக வரைய அருமையாக இருக்கும். வண்டிப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், இளகிவிடும். நாகலிங்கப் பூ மாதிரி சதைப்பற்றான பூவுக்கு அக்ரிலிக் அல்லது குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கிற, கெட்டியான வாட்டர் கலர்).

கேம்லின் ஸ்டூடன்ட் வகைக் கலரே ஆரம்பத்துக்குத் தாராளம். மிச்சம் பிடிக்கிற காசைப் பேப்பரில் போடுங்கள். பேப்பரின் கனத்தைச் சொல்கிற அளவு ஜிஎஸ்எம். அது 300-க்குக் குறைந்தால் வாட்டர் கலரில் அப்பளமாக வளைந்துவிடும். எருக்கு கைக்கு வந்தபின் கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்காவுக்குப் போங்கள். வார நாளில் போனால் கூட்டம் குறைவு, யாரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.