ஒரு கிருமிக்கு இன்னொரு கிருமி காவலா?

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்குக் காதில் சீழ். நியூமோகாக்கஸ் கிருமி, அமாக்ஸிசிலினுக்குக் கட்டுப்படும் என்று ரிப்போர்ட் வந்தது. ஆனாலும் அந்த மருந்து கேட்கவில்லை. கூட இருக்கும் வேறொரு கிருமி அதைக் காப்பாற்றுகிறது என்று டாக்டர் மருந்தை மாற்றினார். இப்படியும் நடக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நடக்கும். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், முதலில் அந்த ரிப்போர்ட் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கிருமி வளர்க்கும் தட்டில் சீழைத் தேய்த்தால் பல கிருமிகள் கலந்து முளைக்கும். சந்தேகப்படும் ஒன்றை மட்டும் எடுத்து, வேறு தட்டில் தனியாகப் பரப்பி, மருந்து தோய்ந்த சின்ன வட்டக் காகிதத்தை மேலே வைப்போம். மறுநாள் காகிதத்தைச் சுற்றி எதுவும் முளைக்காமல் போதுமான அகலத்துக்கு வெற்று வளையம் இருந்தால் 'கட்டுப்படும்' என்று எழுதுவோம். அதில் பொய்யில்லை. ஆனால் காதுக்குள் அந்தக் கிருமி தனியாக இல்லையே!

குழந்தைகளின் மூக்கிலும் காதிலும் மொராக்செல்லா கேட்டராலிஸ் என்ற கிருமியும் அடிக்கடி இருக்கும். அது தன் மேல்சவ்வைக் கிள்ளிக் கிள்ளிக் குமிழிகளாக வெளியே விடும். இத்தகைய குமிழிகள் 20 முதல் 250 நானோமீட்டர் வரைதான். எங்கள் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அவற்றில் அமாக்ஸிசிலினை உடைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதி இருக்கும். நியூமோகாக்கஸிடம் இந்த நொதி கிடையாது. 2011இல் சுவீடன் ஆய்வாளர்கள் மொராக்செல்லாவின் குமிழிகளை மட்டும் பிரித்து, நியூமோகாக்கஸோடு சேர்த்துப் பார்த்தார்கள். அமாக்ஸிசிலினில் செத்திருக்க வேண்டிய நியூமோகாக்கஸ் பிழைத்துக்கொண்டது.

என்னை இன்னும் வியக்க வைப்பது குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. பாலிமிக்சின் மருந்து கிருமியின் மேல்சவ்வில் ஒட்டித்தான் அதைக் குலைக்கும். ஈ.கோலை விட்ட குமிழிகளும் அதே சவ்வுதான் என்பதால், மருந்து அவற்றில் ஒட்டி வீணாகிவிடுகிறது. ஈ.கோலையைத் தாக்கும் டி4 வைரஸும் அப்படியே ஏமாறுகிறது.

காலரா கிருமி இப்படிச் சவ்வை வெளியே தள்ளுவதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டு 1967இலேயே எழுதியவர்கள் சட்டர்ஜி, தாஸ் என்ற இரு இந்தியர்கள். இதை மாணவர்களிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சரி, உங்கள் மகனின் புது மருந்துக்கு வருவோம். பாட்டிலில் அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். மொராக்செல்லாவின் நொதியை முடக்குவது அந்த அமிலம்தான். வலி நின்றுவிட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.