61ஆம் நாள் காலை

கேள்வி: கிடங்கில் செம்புக் கம்பி திருடியதாக என் தம்பியையும், கிடங்கு உரிமையாளருக்கு உறவினரான இன்னொருவரையும் ஒரே நாளில் கைது செய்தார்கள். வசதியுள்ள அவர் பன்னிரண்டாம் நாளே பிணையில் வந்துவிட்டார். தம்பியின் மனு தள்ளுபடியாகி, 40 நாள்களாகச் சிறையில் இருக்கிறான். ஏழைக்கு ஒரு நீதியா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டவை ரிமாண்ட் செய்த, அதாவது நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்ட தேதியும், குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை என்ற செய்தியும் மட்டுமே. மற்றவருக்குக் கிடைத்த பிணையைக் காட்டி மறுபடி வாதாடலாம். ஆனால் தம்பி மீது பழைய வழக்கொன்று இருப்பதை நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதம் அங்கேயே அடிபட்டுவிடும்.

கிடங்கு போன்ற கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கான பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 305ஆம் பிரிவுக்கு உச்சத் தண்டனை ஏழாண்டு என்பதால், 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை பெறுவது தம்பியின் உரிமை. பழைய வழக்கு அதற்குத் தடையாகாது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கிவிட்டது.

இந்த உரிமை கேட்டவருக்கே உண்டு என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் புரளவில்லை என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 2020இல் தீர்ப்பான போதைப்பொருள் வழக்கொன்றில், காலையிலேயே மனுப் போட்டிருந்ததால், அன்று பிற்பகலில் தாக்கலான, குற்றப்பத்திரிகைக்கு இணையான புகாரால் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைப் பறிக்க முடியவில்லை. பணமில்லையென்றால் இப்போதே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும் என்ற 2017 தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதை நம்பி எழுத்து மனுவை விட்டுவிடாதீர்கள்.

ஆணை கிடைத்த பிறகும் ஓர் ஆபத்து உண்டு. நீதிமன்றம் சொன்னபடி ஜாமீன்தாரர்களை நிறுத்தத் தவறி, அதற்கிடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், பெற்ற உரிமையும் போய்விடும். ஏழையின் ஏழ்மை உண்மையில் அவனைச் சிறையில் வைப்பது இந்த இடத்தில்தான். ஆகவே வீட்டு வரி ரசீது உள்ள உறவினர் இருவரை இன்றே பேசி வையுங்கள். நீதிமன்ற வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்க வருபவர் பக்கம் போகவே வேண்டாம், அவருடைய ஆவணம் போலியானால் அடுத்த வழக்கு உங்கள் மீது. தொகை அதிகமென்றால் அன்றே குறைக்கக் கேளுங்கள்: 1978இல் ஒரு கொத்தனாரிடம் கேட்ட 10,000 ரூபாய்ப் பிணையை ஏற்காமல், 1,000 ரூபாய்க்கான அவருடைய சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்திருக்கிறது.

ரிமாண்ட் ஆணையின் நகலை வாங்கி, நாள்களை இன்றே எண்ணிப் பாருங்கள். 61ஆம் நாள் காலையிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.